கீறலுக்குள் இருந்த குரல்

கழக்கூட்டம் ஃபிளாட்டில், அம்மா பாடிய டேப்பிலிருந்து அண்ணன் எப்போதோ எழுதிய சிடியை லேப்டாப்பில் ஏற்றினேன். வேகமான மென்பொருள், சிடியின் கடைசிக் கீறல் வந்ததும் மீதியைப் படிக்காமல் விட்டுவிட்டது. கீறலைத் திரும்பத் திரும்பப் படிக்கும் நிதானமான இன்னொன்றைப் போட்டேன். மாலைக்குள் எல்லாம் வந்துவிட்டது.

சின்ன வயதில், ஸ்ரீவராகம் வீட்டில், பதிவு செய்யும்போது அப்பா ஃபேனை நிறுத்திவிடுவார். நாங்கள் வேர்த்து வழிய, இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அம்மா பாடி முடித்ததும் தெருவுக்கு ஓடிவிடுவோம். அப்பா அவளைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை.

இப்போது லேப்டாப்பில், பாட்டு முடிந்ததும் எங்கள் காலடிச் சத்தம் ஓடி மறைகிறது. ஃபேன் சுழலத் தொடங்குகிறது. ஒரு கீறலுக்குள் இவ்வளவா!

"போறுமா?" என்கிறாள் அம்மா.

"இன்னொண்ணு பாடேன்," என்கிறார் அப்பா, நான் அறியாத ஒரு குரலில். "டேப்புக்கு வேண்டாம். எனக்கு."

டக்கென்று டேப் நிற்கிறது.