இரண்டாவது மைக்

அந்தப் பல்கலைக்கழகத்தில் மாதம் ஒரு பெரிய மனிதர் பேச வருவார். மேடையில் இரண்டு மைக் இருக்கும். ஒன்று வந்தவருக்கு, மற்றது அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்பவருக்கு. 1995 அக்டோபரில் அந்த இரண்டாவது மைக்கின் முன்னால் முதன்முறையாக ஒரு பெண் நின்றார். ஆங்கில விரிவுரையாளர் பங்காரம்மா. கேட்டுக் கேட்டுக் கிடைத்த இடம்.

"ஒரு தடவை பார்க்கலாமுங்க. சரிப்பட்டு வரலைன்னா பழைய ஆளையே கூப்பிட்டுக்கறோம்" என்று பதிவாளர் தனபால் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

மொழிபெயர்ப்பது பங்காரம்மாவுக்குப் புதிதல்ல. கணபதி என்கிற பட்டறைப் பகுதியில் அவருடைய அப்பா கோவிந்தராஜுலு இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். பம்ப்செட்டுக்கான வார்ப்புகளை வாங்கப் பம்பாய்க்காரர்கள் வந்தால், பள்ளிக்கூடத்துக்கு ஆள் போகும். சீருடையோடு வந்து நடுவில் நிற்பாள் மகள். அப்பா போட்ட சட்டம் ஒன்றுதான்: அவர்கள் சொன்னதைச் சொல், நீயாக எதையும் சேர்க்காதே.

அன்று பேச வந்தவர் சூரியனை ஆராய்கிற சுலேகா பருவா, அசாமிலிருந்து. கிரகணம் வரப்போகிற மாதம் என்பதால் படிக்கட்டு வரை கூட்டம். விவசாயிகள், பட்டறைக்காரர்கள், மாணவர்கள். கடைசி வரிசையில் கோவிந்தராஜுலு.

அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு சுலேகா தன் மணிக்கட்டை உயர்த்திக் காட்டி இரண்டே வாக்கியம் சொன்னார். நம் ரத்தத்தில் இருக்கிற இரும்பு இந்தப் பூமியில் உண்டானதல்ல. சூரியன் பிறக்கும் முன்பே வெடித்துச் செத்துப்போன நட்சத்திரங்களுக்குள் வெந்து உண்டானது.

பங்காரம்மா வாயைத் திறக்கவில்லை. கண்ணெதிரே அப்பாவின் உலை. அகப்பையிலிருந்து மணல் அச்சுக்குள் இறங்கும் ஆரஞ்சுக் குழம்பு. பிறந்ததிலிருந்து பார்த்த இரும்பு அது. எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சுலேகா காத்திருந்தார். அரங்கமே காத்திருந்தது. தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க மட்டும் கேட்டுக்கிட்டா எப்படிங்க? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்றது நடுவிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

பங்காரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டார். "உங்க தோட்டத்துக் கிணத்துல மோட்டார் ஓடுதுங்களே, அதோட இரும்பு, உங்க ஊட்டு அருவா, உங்க ஒடம்புல ஓடற ரத்தம், எல்லாத்துக்கும் பொறந்த ஊடு ஒண்ணுதானுங்க. செத்துப்போன நட்சத்திரம்."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு விவசாயி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் தனபால் நேராக வந்தார். "மோட்டார், அருவான்னு அந்தம்மா எங்கீங்க சொன்னாங்க? எனக்கும் இங்கிலீஷ் தெரியுமுங்க."

அதற்குள் கோவிந்தராஜுலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். சட்டம் மீறியதற்கு அப்பாவும் சேர்ந்து திட்டப்போகிறார் என்று நினைத்தார் மகள். அவரோ தனபாலைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த நட்சத்திரத்துக்குள்ள சூடு எத்தனைங்க இருக்கும்? நம்ம உலை ஆயிரத்து நானூறு டிகிரியில நிக்குதுங்க."

தனபால் விழித்தார். "தெரியலைங்களே. கேட்டுப்போடலாம் வாங்க. அம்மணி, நீங்களும் வாங்க."

கிளம்பவிருந்த சுலேகாவின் காருக்கு மூவரும் ஓடினார்கள். சுலேகா ஜன்னலை இறக்கிப் பதில் சொன்னார். பங்காரம்மா அப்பாவிடம் திரும்பினார். "முந்நூறு கோடி டிகிரிங்களாம்பா."

"அப்ப நாம இத்தனை வருஷமா ஆறிப்போனதைச் சூடு பண்ணிட்டு இருந்திருக்கறோம்" என்றார் கோவிந்தராஜுலு.

பங்காரம்மா அதை ஒரு சொல் கூட்டாமல் ஆங்கிலத்தில் சொன்னார். சுலேகா கார்க் கதவைத் திறந்து கீழே இறங்கி, அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தனபால் தொண்டையைச் செருமினார். "அடுத்த மாசம் ஒரு நீதிபதி வர்றாருங்க. நேரத்துக்கு வந்துருங்க அம்மணி. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."