சீனியின் மூச்சுக்குழாய்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்வி. என் அக்காள். அக்காள் கணவர், மாமா என்று கூப்பிடுவேன். அக்காளின் சின்ன மகள், கையில் பொரித்த மீன் துண்டோடு. கடைசியாகச் சீனி, எங்கள் பொமரேனியன் நாய்.

நான் பெயிண்டர். வேலை செய்த வீட்டுக்காரர் பிரான்சுக்குப் போகும்போது சீனியை எங்களிடம் விட்டுப் போனார்.

மாமாவுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கழுத்துச் சங்கிலியைப் பிடித்து மேலே தூக்குவார். சீனி பின்னங்காலில் நிற்கும். எல்லோரும் சிரிப்பார்கள். வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

"ஒரு சாண் நாய்க்கு இம்புட்டுப் பவுசா மாப்ள?" என்பார்.

அன்றும் தூக்கினார். இறக்கியதும் சீனி இருமியது. வாத்து கத்துவது போன்ற இருமல்.

"புள்ள கையில மீனு இருக்குல்ல. முள்ளு சிக்கிக்கிச்சு" என்றார் மாமா.

எங்கள் பக்கம் தொண்டையில் முள் சிக்கினால் வெறும் சோற்றை உருட்டி, மெல்லாமல் விழுங்குவோம். அதையே அவர் நாய்க்குச் செய்தார். நான் தடுப்பதற்குள் வாயைப் பிளந்து உருண்டையை உள்ளே தள்ளிவிட்டார். சீனியின் நாக்கு நீலமானது.

தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். சோறு வெளியே வந்தது. மூச்சு சரியாக வரவில்லை. செல்வி மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் நெரவியிலிருந்து காரைக்கால் வரை பைக்கை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்தார். பிறகு எக்ஸ்ரே. முள் எதுவும் இல்லை. 'டிரக்கியல் கொலாப்ஸ்' (மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிவிடுவது) என்றார்.

"சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வர்றதுதாங்க. கழுத்தப் புடிச்சு இழுக்க இழுக்க மோசமாகும். யாராச்சும் இழுப்பாங்களா?"

"ஆமாங்க. சொந்தக்காரரு."

"இனிமே கழுத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

"குணமாயிடுமாங்க?"

"முழுசா ஆகாதுங்க. பாத்துக்கிட்டா ஓட்டலாம்."

இதே நோயுள்ள நாயை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கழுத்துப்பட்டையைக் கழற்றி எறியுங்கள். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார் போடுங்கள். எடை ஏற விடாதீர்கள். கொசுவர்த்திப் புகை ஆகாது. நான் பெயிண்ட் தின்னர் வாடையோடு வீட்டுக்குள் வருவதில்லை, வெளியே குளித்துவிட்டே வருகிறேன். இருமும்போது பதறாமல் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். நாக்கு நீலமானால் யார் பேச்சையும் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்தில் சீனி தேறியது. இருமல் போகவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு மாமாவின் முகம்தான் வரும். இப்போது பெயிண்ட் அடிக்கச் சாரத்தில் ஏறி நிற்கும்போது என் மூச்சே எனக்குக் கேட்கிறது. கடிகாரம் பார்ப்பது குறைந்துவிட்டது. ஒரு இருமலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ளதுதான் எனக்குப் பொழுது.

மாமாவோடு பேச்சை நிறுத்தினேன். அவருடைய சின்ன மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். போனை நான் எடுக்கவில்லை. அக்காளோடு நேரில் வந்தார். செல்வி இளநீர் வெட்டி, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். சீனி மூலையில் தூங்கியது.

"ஒரு நாய்க்காக மடிய இல்லேன்னுடுவீங்களா மாப்ள? ஊரு என்னயத்தான் சிரிக்கும்."

"வர்றேன் மாமா. ஒண்ணு மட்டும் செய்யுங்க."

இளநீரிலிருந்து ஸ்ட்ராவை உருவினேன். நடுவில் நசுக்கி அவரிடம் நீட்டினேன்.

"மூக்கப் பொத்திக்கிட்டு இதுல மூச்சு விடுங்க. சீனி முழிக்கிற வரைக்கும்."

"என்னா மாப்ள, வெளயாட்டா?"

"உங்களுக்குத்தான் வெளயாட்டு புடிக்குமே."

அவர் அக்காளைப் பார்த்தார். "செய்யுங்களேன். வாய்தான் காவேரி வரைக்கும் நீளுதே" என்றாள் அக்காள்.

செய்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கை நாற்காலியை இறுகப் பிடித்தது. எனக்கு நன்றாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

ஸ்ட்ராவைத் துப்பிவிட்டு வாயால் காற்றை அள்ளினார். சீனி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்கு இது ஆயுசுக்கும் மாமா" என்றேன்.

அவர் தாங்கியதை எண்ணியிருந்தேன். ஒன்பது மூச்சு.