பூபதி ஓட்டிப் பார்த்த வண்டி

தன் வேலைக்கு உலை வைக்கும் காகிதத்தை ஒருவர் தானே எழுதி, தானே கையெழுத்தும் போட்டுக் கொடுப்பாரா? 2007-இல் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பலர் இப்படிக் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பூபதிக்கு அப்போது முப்பத்தொரு வயது. அரூர் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர். புதிய மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. கம்பெனிகள் தங்கள் வண்டிகளைக் கடைக்கு அனுப்பும் முன் சிப்காட்டில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்திடம் சோதனைக்குக் கொடுக்கும். அங்கே ஆறு பேர் காலையில் கிளம்பி இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி போய், நெடுஞ்சாலையில் ஓசூருக்குத் திரும்புவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. திரும்பியதும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிரேக் எப்படி, கியர் எப்படி, கை மரத்ததா, முதுகு வலித்ததா என்று நாற்பது கேள்விகள் இருக்கும். மற்ற ஐந்து பேரும் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று குறித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். பூபதி மட்டும் உட்கார்ந்து, "மூன்றாவது கியரில், சூளகிரி தாண்டியதும், இடது கால் பெருவிரலில் அதிர்வு" என்று எழுதிக்கொண்டிருப்பார்.

"ஏன் குரு, வண்டிக்கு ஜாதகமா எழுதற?" என்பார் கூட ஓட்டும் சென்னகிருஷ்ணன். "எழுது எழுது. உனக்குத்தானே பர்மனென்ட்டு."

அது கேலி மட்டும் இல்லை. ஆறு பேரில் ஒருவரை அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்கப் போவதாக மேலாளர் ஜெகதீஷ் சொல்லியிருந்தார். நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் ஓட்டும் பூபதியின் பெயர்தான் முதலில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே இருந்த ஒரு கம்பெனி கறுப்புத் துணி சுற்றி ஒரு வண்டியை அனுப்பியது. அமெரிக்காவில் மண் தரையில் வட்டமாகச் சுற்றி, திருப்பங்களில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு ஓட்டும் பந்தயம் ஒன்று இருக்கிறது. ஃப்ளாட் டிராக் என்பார்கள். அந்தப் பந்தய வண்டியைப் பார்த்து, ஊருக்குள் ஓட்டுவதற்காகச் செய்த வண்டி அது. கைகளை விரித்துப் பிடிக்கும்படி அகலமான ஹேண்டில்பார். பலகைபோலத் தட்டையான சீட். பாதியில் வெட்டியது போன்ற குட்டையான வால்.

பூபதிக்கு வண்டி பிடித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகு வலி இல்லை. வேகத்தடையில் கியரைக் குறைக்காமலே ஏறி இறங்கியது. இராயக்கோட்டை வளைவுகளில் லேசாகத் தோளைச் சாய்த்தாலே திரும்பியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே லாரிகளுக்கு நடுவில் புகும்போது மட்டும் ஹேண்டில்பாரின் முனை எதிலாவது இடித்தது. அதையும் எழுதினார். பின்சீட்டின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை கட்டி எழுபது கிலோ எடையோடு ஓட்டும் சோதனையும் முடிந்தது. அதற்கு அவரே 'நன்று' என்று எழுதினார்.

செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூட்டை இல்லாமல் ஓட்டும் நாள். தொரப்பள்ளி பிரிவில் அவர் மனைவி முனிலட்சுமி சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். சிப்காட்டில் வயர் கட்டும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஷிப்ட் பஸ் போய்விட்டது.

"எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திடுவாங்க. ஏத்திக்கிட்டுப் போங்க."

"வெளியாளை ஏத்தக் கூடாது முனிலட்சுமி."

"நான் வெளியாளா?"

பூபதி வண்டியைத் திருப்பி அவரை ஏற்றிக்கொண்டார். அந்த ஊரில் சேலை கட்டிய எல்லாரும் உட்காருவதுபோல முனிலட்சுமி இடது பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கால் வைக்கத் தட்டு இல்லை. சிப்காட் திருப்பத்தில் ஒரு வேகத்தடை இருந்தது. பூபதி பழக்கத்தில் வேகத்தைக் குறைக்காமல் ஏறி, தோளைச் சாய்த்தார். வண்டி அழகாகத் திரும்பியது. பத்தடி போன பிறகுதான் பின்சீட்டு காலி என்று அவருக்குத் தெரிந்தது.

வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக முனிலட்சுமி டாக்டரிடம் சொன்னார். கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் பூபதி தனக்குத் தெரிந்த ஒரு வழியில் பார்த்தார். இரண்டு மணல் மூட்டையையும் இடது பக்கமே கட்டி ஓட்டினார். வண்டி இழுத்தது. சீட்டின் மேல் விரித்திருந்த சாக்கு இரண்டு முறை நழுவி விழுந்தது. அதை எழுதிக் கொடுத்தார்.

ஜெகதீஷ் சிரித்தார். "ரெண்டு மூட்டையையும் ஒரே பக்கம் கட்டிக்கிட்டு யாருங்க பூபதி போவாங்க?"

"மூட்டை போகாது சார். பொம்பளைங்க போவாங்க."

"அதுக்குத்தான் எழுபது கிலோ வெச்சுப் பாத்தமே."

"எடை இல்லீங்க சார். உக்கார்ற விதம்."

"யாரையாச்சும் உக்கார வெச்சுப் பாத்தீங்களா?"

பூபதி படிவத்தைப் பார்த்தபடி சொன்னார்: "இல்லீங்க சார்."

"அப்புறம்? நெனப்பையெல்லாம் எழுதக் கூடாதுங்க. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும்." படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் முனிலட்சுமி இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எழுதாதீங்க. எனக்கு மூணு வாரத்துல கட்டுப் பிரிச்சிடுவாங்க. உங்களுக்குப் பர்மனென்ட்டு திரும்ப எப்ப வரும்?"

"அந்தச் சீட்டுல இன்னும் எத்தினி பேரு உக்காருவாங்க?"

"அவங்கவங்க புருஷன் பாத்துக்கட்டும்."

"அவன் எங்க பாப்பான்? நான் பாத்தனா?"

முனிலட்சுமி வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை காலை பூபதி புதுப் படிவம் வாங்கினார். கடைசிக் கேள்வியான 'வேறு குறிப்புகள்' என்பதற்குக் கீழே எழுதினார்: "18-ஆம் தேதி காலை 7.40-க்கு விதியை மீறி என் மனைவி முனிலட்சுமியைத் தொரப்பள்ளி பிரிவில் ஏற்றினேன். இடது பக்கமாக உட்கார்ந்தார். வேகத்தடைக்குப் பின் திருப்பத்தில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. ஓட்டிய எனக்கு எதுவும் தெரியவில்லை. பிடிகம்பியும் கால் தட்டும் வேண்டும்."

ஜெகதீஷ் இரண்டு முறை படித்தார். "இதை நான் மேல அனுப்பணும். தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

"வேற மாதிரி எழுதித் தர்றீங்களா?"

"நேத்து எழுதித் தந்தனே சார்."

மாதக் கடைசியில் சென்னகிருஷ்ணன் நிரந்தரமானார். பூபதியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் பாகலூர் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் உதிரிப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வண்டி கடைசிவரை கடைக்கு வரவே இல்லை. தோற்றம் இந்த ஊருக்கு ஒத்துவராது என்று கம்பெனி கைவிட்டதாகப் பேச்சு. பூபதியின் குறிப்பை அங்கே யாராவது படித்தார்களா என்பது தெரியாது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். முனிலட்சுமி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எல்லா வண்டிக்கும் புது டெஸ்ட்டு குரு. மணல் ரொப்பி ஒரு பொம்மை. அதுக்குச் சேலை கட்டி இடது பக்கமா உக்கார வெச்சு ஓட்டறோம். செக்போஸ்ட்ல போலீஸ்காரனே நிறுத்தி எட்டிப் பாக்கறான்." பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதக்கா. பொம்மைக்குப் பசங்க பேரு வெச்சிருக்கானுங்க."

"என் பேரா?"

"ஆமாக்கா."

முனிலட்சுமி பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். "அது விழுந்துச்சா?"

"நேத்து ரெண்டு தடவை. கம்பி போடாம அனுப்ப முடியாதுன்னு ஜெகதீஷ் சாரே எழுதிட்டாரு."

"எந்தத் திருப்பத்துல?" என்று கேட்டார் பூபதி.

நீங்கள் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காருபவராக இருந்தால், உங்களை ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். ஓட்டுபவராக இருந்தால், உங்களைப் போல் ஓட்டும் இன்னொருவரிடம் சொல்லுங்கள். பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை. விழுந்தது ஓட்டியவருக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.