கோலிக்குண்டால் ஓட்டுப் போடும் ஊர்

காம்பியாவில் நடந்த மூன்று பொதுத்தேர்தல்களைக் கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டவள் நான். என் கணவர் அங்கே ஒரு முந்திரிக் கிடங்கில் வேலை செய்கிறார். பண்ருட்டிப் பக்கம் கொட்டையை வெட்டிப் பார்த்துத் தரம் சொல்லக் கற்றவர், அதே வேலைக்காக ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்துக்குப் போனார். நான் இங்கே பள்ளிக்கூட ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாக்காளர் பட்டியலில் எங்கள் கதவு எண்ணுக்கு நேரே இரண்டு பெயர்கள், அவ்வளவுதான் குடும்பம்.

முதல் தேர்தல் வந்தபோது அவர் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. போனில் அவர் சொன்னதைக் கேட்டுக் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். அங்கே ஓட்டுச் சீட்டும் இல்லை, இயந்திரமும் இல்லை. கையில் ஒரு கோலிக்குண்டு கொடுப்பார்களாம். மறைப்புக்குள் போனால் ஆளுக்கொரு நிறத்தில் பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேட்பாளரின் படம். பிடித்தவரின் பீப்பாயில் குண்டைப் போட வேண்டும். அது உள்ளே இருக்கும் மணியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடியில் போட்டிருக்கும் மணலில் விழும்.

"ஒருத்தரே ரெண்டு குண்டு போட்டா?" என்று வாத்தியார் புத்தியில் கேட்டேன்.

"ரெண்டு வாட்டி மணி அடிக்குமே. வெளிய குந்திக்கினு இருக்கறவங்களுக்குக் கேட்டுடும். அன்னிக்கு அந்தப் பக்கம் சைக்கிள்கூட வுட மாட்டாங்க. பெல் அடிச்சா ஓட்டுன்னு நெனச்சுக்குவாங்க."

வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்த வழக்கமாம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓட்டுப் போடட்டும் என்று. சுதந்திரத்துக்குப் பின் ஒருவரே முப்பது வருடம் போல ஆண்டார். அப்புறம் ராணுவத்து இளைஞர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களின் தலைவரே பிறகு தேர்தலில் நின்று திரும்பத் திரும்ப ஜெயித்தார். என் கணவர் பார்த்த முதல் தேர்தலிலும் அவர்தான்.

அடுத்த விடுமுறையில் வந்தபோது கடையில் கோலிக்குண்டு வாங்கி எனக்குச் செய்து காட்டினார். இரண்டு பித்தளைச் சொம்பு, ஒன்று தோசை, மற்றது உப்புமா. ஆளுக்கொரு குண்டு. ஒரு நாளும் முடிவு வந்ததில்லை. நான் தோசை என்றால் அவர் உப்புமா, நான் மாறினால் அவரும் மாறுவார். இரண்டே வாக்காளர்கள் உள்ள தொகுதியில் யார் ஜெயிப்பது? சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் வீட்டில் சத்தம் இருக்கும். அவர் போனபின் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

இரண்டாவது தேர்தலன்று அந்த நாட்டில் இணையத்தையும் வெளிநாட்டு அழைப்புகளையும் நிறுத்திவிட்டார்கள். விஷயம் தெரியாமல் நான் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதே கை போனைத் தேடியது. ஒருவழியாக இணைப்பு கிடைத்தபோது, "தோத்துட்டாரு. வெறும் கோலிக்குண்டாலயே தூக்கிட்டாங்க" என்றார் சந்தோஷமாக. தோற்றவர் முதலில் சரி என்றார், ஒரு வாரத்தில் மாட்டேன் என்றார். அண்டை நாட்டுப் படைகள் வருகின்றன என்று பேச்சு அடிபட, மக்கள் மூட்டை கட்டினார்கள். என் கணவரும் எல்லை தாண்டிச் செனகலுக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏறினார். பொங்கலுக்கு வீட்டில் இருந்தார். தோற்றவரும் கடைசியில் நாட்டை விட்டுப் போனார். "இனிமே போக மாட்டேன்" என்று இவர் சொன்னதை நான் முழுதாக நம்பினேன். முந்திரி சீசன் தொடங்கியதும் போய்விட்டார்.

மூன்றாவது தேர்தலில், குண்டுகளைக் குழிப்பலகையில் அடுக்கி எண்ணுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எந்தத் தெருவில் யாருக்கு ஆதரவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த வருடம் இங்கேயும் தேர்தல். மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு சாவடியில் எனக்கு வேலை. டவர் இல்லாத இடம். இறங்கி வந்ததும் அவர் கேட்பார் என்று கதைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். இங்கே யார் ஜெயித்தார்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அதற்குப் பின் விடுமுறைகளும் நின்றுபோயின. கேட்டால் அடுத்த சீசன் முடியட்டும் என்பார்.

பிறகு வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. என் தெருக்களுக்கு நானே பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, ஆள் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டாரா என்று எழுத வேண்டும். புருஷன் வெளியூர் போன வீடுகளில் பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுவாருங்க டீச்சர், பொங்கலுக்கு வந்துடுவாரு" என்பார்கள். "கரெக்டா சொல்லுங்க, அங்கியே இருந்துட்டாரா?" என்று கறாராகக் கேட்பேன். இத்தனை வருடத்தில் என் புருஷனிடம் நான் கேட்காத கேள்வி அது.

எங்கள் வீட்டுப் படிவங்களைக் கடைசியாக எடுத்தேன். என்னுடையது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அவருடையது நான்கு நாள் டிவி மேல் கிடந்தது. குடும்பத்தில் ஒருவர் என்று அதில் நான் கையெழுத்துப் போட்டுவிடலாம், பி.எல்.ஓ.வாக நானே வாங்கியும் கொள்ளலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் போன் போட்டேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"நான் இப்ப பி.எல்.ஓ.வா கேக்கறேங்க. திரும்பி வருவீங்களா, அங்கியே இருந்துடுவீங்களா?"

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குத் தனி ஃபாரம் இருக்கு," என்றேன். "நீங்களே போட்டீங்கன்னா பேரு இங்கியே இருக்கும்."

யாரோ பின்னால் அவரை அந்த ஊர்ப் பாஷையில் கூப்பிட்டார்கள். அவரும் அதே பாஷையில் ஏதோ பதில் சொன்னார். பிறகு என்னிடம், "வேணாம். எடுத்துடு. பொய் எழுதனா உனக்குத்தான் வம்பு" என்றார்.

"சரிங்க" என்றேன்.

வரைவுப் பட்டியல் வந்ததும் பள்ளிச் சுவரில் ஒட்டும் வேலையும் என்னுடையதே. எங்கள் கதவு எண்ணுக்கு நேரே என் பெயர் மட்டும் இருந்தது. நீக்கப்பட்டவர்கள் தாளில் அவர் பெயரும், பக்கத்தில் காரணமும். கதவைப் பிடித்துக்கொண்டு "வந்துடுவாரு" என்று என்னிடம் சொன்ன அந்தப் பெண்கள் வந்து, விரல் வைத்துத் தங்கள் வீட்டுப் பெயர்களைத் தேடினார்கள். எல்லாம் இருந்தன. அவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருந்தேன். காற்றில் கிழிந்துவிடாதபடி இரண்டு தாள்களையும் நான்கு மூலையிலும் பசை தடவி நன்றாக அழுத்தி ஒட்டினேன்.