பெஞ்சைத் தேய்த்தவர்கள்

பிரெஞ்சுக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டங்களில் யார் யார் ஆடினார்கள் என்ற பட்டியலைக் கணினியில் ஏற்றுவதுதான், பெருங்குடி அலுவலகத்தில் காஸ்பருக்கு வேலை. இன்று மேலாளர் ரெஹான் வந்து, "கிரவுண்டுல இறங்காத சப்ஸ்டிட்யூட் பேரையெல்லாம் தூக்கிடுங்க சார். பெஞ்சைத் தேச்சவனை எவன் தேடப் போறான்?" என்றான்.

காஸ்பருக்கு எரிச்சலாக வந்தது. ஏதோ இவன் அப்பன் வீட்டுப் பெயர்கள் மாதிரி. ஆனாலும் அவன் சொன்னபடியே, ஷூ மாட்டிக் காத்திருந்து ஏமாந்தவர்களை ஒவ்வொருவராக அழித்தார்.

சாயங்காலம் சாந்தோம் வீட்டில், மனைவி டோரதி விருந்தாளியிடம் வழக்கம்போல, "இவர் சர்ச் டீமுக்கு ஃபைனல்ஸ் ஆடினவரு" என்று ஆரம்பித்தாள். இருபது வருஷமாக அதற்குத் தலையாட்டி வந்த தன்மீதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆடல," என்றார். "கடைசி வரைக்கும் பெஞ்சைத்தான் தேச்சுக்கினு இருந்தேன்."