பாஷ்யத்தின் மாற்றக் குறிப்புகள்

பாஷ்யம் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் விதம் அலுவலகத்தில் பிரசித்தம். ஒரு சரக்குக் கடிதம் முதல் நாள் ‘பைனல்’ ஆகும். மறுநாள் ‘பைனல் 2’. பிறகு ‘ஒரிஜினல் பைனல்’, ‘இதுதான் பைனல்’, எல்லாம் அடங்கிய பிறகு ‘பைனல் பாஷ்யம்’.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும் சரக்குகளுக்குக் காகிதம் தயாரித்துக் கொடுக்கும் ஏஜென்சி அது. முப்பத்திரண்டு வருடமாக ஆவணப் பிரிவு பாஷ்யத்தின் கையில். முத்தையாபுரத்தில் வீடு, காலை எட்டரை பஸ்ஸில் வந்து இறங்குவார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் இரண்டு பேனா. பேச்சு மிகக் குறைவு. ஒரு கமா இடம் மாறியிருந்தால் மட்டும் அவர் முகம் மாறும்.

மேனேஜர் கிளாட்வின் கடலோர மணப்பாட்டுக்காரர், பாஷ்யத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், அவரைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் அவசரம். ஒருநாள் ‘இதுதான் பைனல்’ போக வேண்டிய இடத்துக்கு ‘பைனல் 2’ஐ அனுப்பிவிட்டார். ராட்டர்டாமுக்குப் போக வேண்டிய உலர்பூக்கள் காகிதத்தில் ஹாம்பர்குக்குக் கிளம்பிவிட்டன. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. முதலாளி மாசானம் அண்ணாச்சி அந்த வாரமே மாலினி என்ற கம்ப்யூட்டர் பெண்ணை வரவழைத்தார்.

மாலினி புதிதாக எந்தத் திரையையும் காட்டவில்லை. கோப்புகளைத் திறக்கும் அதே பழைய ஜன்னலுக்குள்ளேயே ஒரு கருவியைப் பொருத்திவிட்டாள். இப்போது ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் ஒரு குட்டிச் சின்னம். மாற்றம் ஏதும் இல்லையென்றால் பச்சை டிக். யாராவது கை வைத்திருந்தால் சிவப்பு ஆச்சரியக்குறி. ரைட் கிளிக் செய்து ‘கமிட்’ கொடுத்தால் அன்றைய நிலை அப்படியே சர்வரில் பதிவாகி மறுபடி பச்சையாகும். பழைய நிலை வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். கோப்புக்கு ஒரே பெயர் போதும்.

“கமிட் கொடுக்கும்போது ஒரு பெட்டி வரும் சார். என்ன மாத்துனீங்க, ஏன் மாத்துனீங்கன்னு ரெண்டு வார்த்தை எழுதணும்” என்றாள் மாலினி.

பாஷ்யம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருட வேலையில் ‘ஏன் மாற்றினீர்’ என்று அவரிடம் யாருமே கேட்டதில்லை.

ரெண்டு வார்த்தையோடு அவர் நிற்கவில்லை. முதல் வாரம், “எடை திருத்தம்” என்று எழுதினார். இரண்டாம் வாரம், “எடை திருத்தம். முந்தைய எடையே சரி என்பது என் அபிப்பிராயம். மேலிடம் கேட்கவில்லை” என்று வளர்ந்தது. ஒரு மாதத்தில் அது பத்தி பத்தியாக ஓடியது. எழுதி, கமிட் கொடுத்து, பச்சை டிக் வந்ததும் மனசு லேசாகிவிடும். சாப்பாட்டில் உப்பில்லை என்ற புகார்கூட நின்றுவிட்டதைப் பார்த்து வீட்டில் மனைவி கிருஷ்ணவேணிக்குக் கவலையாகிவிட்டது.

அந்தக் குறிப்புகளை யாரும் படிக்க முடியும் என்பது மட்டும் பாஷ்யத்துக்குத் தெரியாது. படித்துக் கண்டுபிடித்தவள் பக்கத்து மேஜை விஜிலா. பழைய தேதி ஒன்றைத் தேடி ரைட் கிளிக் செய்து, மாற்றங்களின் பதிவேடான ‘லாக்’ என்பதை அழுத்தினாள். மூன்று மாதக் குறிப்புகள் வரிசையாக வந்து நின்றன. பத்தாவதைப் படிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டாள். இருபதாவதில் முடியவில்லை, எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

“சார், நீங்க எழுதுறது எல்லாருக்கும் தெரியும், கேட்டீங்களா?”

“எழுதுறதா? எதும்மா?”

அவள் காட்டியதும் பாஷ்யத்துக்கு வேர்த்துவிட்டது. உடனே மாலினிக்குப் போன் போட்டார். “அழிக்கணும்மா. எல்லாத்தையும்.”

“பழைய குறிப்பை யாரும் மாத்தக் கூடாதுன்னு நான்தான் சார் பூட்டி வச்சிருக்கேன். முதலாளி அப்படித்தான் கேட்டாங்க. அவர் சொன்னாத்தான் திறக்க முடியும்.”

முதலாளியிடம் கேட்பதற்கு முன்பே கிளாட்வின் படித்துவிட்டார். அவர் கண்ணில் முதலில் பட்டது நாற்பத்தேழாவது குறிப்பு: ‘கிளாட்வின் சாருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கமா திரும்பும்.’

கிளாட்வின் சண்டைக்கு வரவில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர், பாஷ்யத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. தென்னைநார்க் கட்டிகள் ஏற்றப்போகும் கண்டெய்னருக்கான கடிதத்தைத் திறந்தார். கோப்பில் ஏதாவது மாறினால்தான் கமிட் ஆகும் என்பதால் கடைசியில் ஒரு புள்ளியை வைத்தார். குறிப்புப் பெட்டியில் எழுதினார்: ‘மணப்பாட்டில் காற்றைப் பார்த்துத்தான் பாயைத் திருப்புவோம். சாமிக்குக் கடல் தெரியாது.’

பாஷ்யத்தின் திரையில் புதுக் குறிப்பு வந்து விழுந்தது. இரண்டு தடவை படித்தார். அந்தப் புள்ளியை எடுத்தார். எழுதினார்: ‘தேவையற்ற புள்ளி நீக்கம். கடல் தெரியாவிட்டாலும் இலக்கணம் தெரியும்.’

இப்படியே நாலு நாள். ஒரு புள்ளி வரும், ஒரு புள்ளி போகும். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. நேரில் பார்த்தால் இருவரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொள்வார்கள். காலையில் வந்ததும் அலுவலகம் முழுவதும் முதலில் லாக்கைத்தான் திறந்தது. வாட்ச்மேன் ரோச்சுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. “இன்னைக்கு யாரு யார வாரி விட்டா?” என்று விஜிலாவிடம் வந்து கேட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் காலை கப்பல் கம்பெனியிலிருந்து இனிகோ என்பவர் போன் செய்தார். விஜிலாதான் எடுத்தாள்.

“ஏம்மா, ஒங்க கண்டெய்னர்ல என்ன காத்தா ஏத்துதீய?”

“தென்னைநாரு சார். ஏன்?”

“எடை இருபத்தேழரைக் கிலோன்னு போட்டிருக்கே. எம் மவ ரெண்டாங்கிளாஸ் படிக்கா, அவளே இருபத்தெட்டு இருக்கா. லாரிய கேட்ல நிறுத்தி வச்சிருக்கு.”

அன்று காலை கப்பல் கம்பெனிக்குப் போன கடிதத்தில் 27500 கிலோ 27.500 ஆகியிருந்தது. நடுவில் ஒரு புள்ளி.

அந்த நேரம் பார்த்து மாசானம் அண்ணாச்சி உள்ளே நுழைந்தார். “யாருவே இந்தப் புள்ளிய வச்சது?”

பாஷ்யம் கிளாட்வினைப் பார்த்தார். கிளாட்வின் பாஷ்யத்தைப் பார்த்தார். புள்ளி வைக்கிறவர் கிளாட்வின், எடுக்கிறவர் தான். அதனால் பாஷ்யத்துக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. விஜிலா கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து லாக்கைத் திறந்தாள். கடைசிக் கமிட்: பாஷ்யம். முந்தின நாள் மாலை ஐந்து ஐம்பது. கூடவே பதினோரு வரிக் குறிப்பு. எல்லாப் புள்ளியும் எடுத்தாகிவிட்டதால், அந்தப் பதினோரு வரியை அனுப்ப அவரே ஒரு புள்ளியை வைத்திருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் கர்சர் எங்கே நின்றதென்று பார்க்கவில்லை.

“நான்தான்” என்றார் பாஷ்யம். அவருடைய முப்பத்திரண்டு வருடத்தில் இது முதல் எடைத் தப்பு.

கிளாட்வின் எழுந்தார். “அண்ணாச்சி, நாலு நாளா நானும்தான் புள்ளி வச்சிட்டிருந்தேன். என் கைல வெடிக்க வேண்டியது சாமி கைல வெடிச்சிட்டு. அவ்வளவுதான்.”

விஜிலா பேச்சோடு பேச்சாக முந்தைய நிலைக்குக் கோப்பைத் திருப்பி, சரியான கடிதத்தை அனுப்பிவிட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லாரி உள்ளே போய்விட்டது.

ஆனால் அண்ணாச்சி நகரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து லாக்கை ஒவ்வொன்றாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார். சத்தமாக வாசித்தார்: “முதலாளி வராத நாளில்தான் இங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது.”

பாஷ்யம் கண்ணை மூடிக்கொண்டார்.

“இங்கன வாரும்வே. இத ஏன் எங்கிட்ட நேர்ல சொல்லல?”

“நீங்க கேக்கலையே அண்ணாச்சி.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “எம் பொஞ்சாதியும் வீட்டப் பத்தி இதேதாம்வே சொல்லுதா. நான் எங்கதான் போவேன்?”

குறிப்புகளை அழிக்கட்டுமா என்று மாலினி கேட்டபோது, வேண்டாமென்று சொல்லிவிட்டார். சண்டை போட விரும்புகிறவர்களுக்காக மட்டும் தனியாக ஒரு வெற்றுக் கோப்பு திறந்து வைக்கச் சொன்னார். அதில் எடை, விலாசம் எதுவும் இருக்கக் கூடாது.

அந்தக் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை, இன்றுவரை பச்சையாகவே இருக்கிறது. கிளாட்வின் இப்போதெல்லாம் தன் நாற்காலியையே பாஷ்யத்தின் மேஜைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார். போன மாதம் தன் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகை நகலை எடுத்துக்கொண்டு வந்தார்.

“பிழை பாத்துத் தாங்க சாமி. ஒங்க கண்ணுக்குத் தப்பாது.”

பாஷ்யம் மதியச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு உட்கார்ந்து பதினான்கு திருத்தம் போட்டுக் கொடுத்தார். பதிமூன்றைக் கிளாட்வின் ஏற்றுக்கொண்டார். பதினான்காவது, மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு கமா. அதைப் பற்றி இருவரும் இன்னும் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.