நெல் மூட்டைகளுக்குள் பொங்கிய பணிஸ் மா

மாலை ஐந்து இருபதுக்கு எங்கள் ஒழுங்கை முகப்பில் ஸ்கூட்டியைத் திருப்பினேன். எல்லாம் பிழையாகத் தொடங்கிய நேரம் அதுதான். சென்ற ஆண்டு மாசி மாதம், துணுக்காய்ப் பக்கத்தில், குளத்தையும் காட்டையும் அண்டிய எங்கள் ஊரில் நடந்தது இது.

நான் பாடசாலை ஆசிரியை. அன்று பின்னேர வகுப்பை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். என் கணவருக்கு வவுனியாவில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடைசி பஸ்ஸில் வீடு வருவார். அன்றும் வெள்ளிக்கிழமைதான். வீட்டில் மகள் தனியே இருந்தாள். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவள், பொழுது போகாமல் பணிஸ் சுடப் பழகியிருந்தாள். கடையில் விற்கிற சீனிப் பணிஸ் அல்ல. இரவுச் சாப்பாட்டுக்குக் கறியில் தோய்த்துச் சாப்பிடுகிற சின்ன உருண்டைப் பணிஸ். இளஞ்சூட்டுப் பாலில் ஈஸ்ட்டைக் கரைத்து, மாஜரின் சேர்த்து, மா காதுச்சோணை போல மெதுமையாகும்வரை பிசைவாள். சுட்டு எடுத்ததைப் பிய்த்தால் பஞ்சு மாதிரி நூல் நூலாக வரும்.

மாசிப் பனிக்கு மா பொங்காமல் முதலில் இரண்டு தரம் அழாக்குறையாக நின்றாள். பிறகு வழியையும் அவளே கண்டுபிடித்தாள். அறுவடைக் காலம். முற்றத்தில் விரித்த படங்கில் காய்ந்த நெல்லைப் பின்னேரம் சாக்குகளில் அள்ளி முன்னறையில் அடுக்கி வைப்போம். நாள் முழுக்க வெயில் குடித்த அந்த மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டால், அடைகாக்கிற கோழியின் அடிவயிறு மாதிரி இருக்கும். மாப் பேசினை அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடிவிடுவாள். ஒரு மணித்தியாலத்தில் மா பேசின் விளிம்பைத் தாண்டி எழும்பி நிற்கும். எனக்கு அதில் பெரிய பெருமை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

புது நெல்லின் மணத்துக்கு யானை வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகத்தான் இரவில் முற்றத்து விளக்கை எரியவிடுவோம். வெயில் இறங்க முன்னரே வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நெல்லோடு சேர்ந்து புளித்த மாவின் மணமும் யன்னலால் காட்டுப் பக்கம் போகும் என்று நான் நினைக்கவேயில்லை.

ஒழுங்கைக்குக் குறுக்கே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்து வளவு அண்ணர் கையைக் காட்டினார். அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து இங்கே வயல் செய்கிறது.

"டீச்சர், நில்லுங்க! ஒங்க வீட்டுச் செவரு கிட்ட ஆன நிக்குது."

"பிள்ளை?"

"உள்ளதான் இருக்கு போல. வெளிய வரக் காணோம்."

பார்த்தேன். ஒற்றை ஆண் யானை. முன்னறையின் பக்கச் சுவரோடு, மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு நேரே நின்று, யன்னல் பலகையைத் தும்பிக்கையால் தடவிக்கொண்டிருந்தது.

"அண்ணை, வெடி போடுங்கோவன்!"

"வெடி இருக்கு டீச்சர். போட்டா எந்தப் பக்கம் ஓடும்? அது மூஞ்சிக்கு நேரா ஒங்க செவருதான் இருக்கு. வனஜீவராசி ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு. தூரத்துல வேற ஆன விரட்டுறாங்களாம். வர்றாங்க."

நான் உடனே மகளுக்குப் போன் எடுத்தேன். மணி போனது, பதில் இல்லை. திரும்ப எடுத்தேன். என்னுடைய இந்தப் பழக்கத்துக்காக வீட்டில் எனக்கு வைத்த பெயர் 'கோல் சென்டர்'. மகள் கடைக்குப் போய்ச் சற்றுப் பிந்தினாலும் கோல், கணவருடைய பஸ் மாங்குளம் தாண்டியதா என்று கோல். ஒருவர் கண்ணுக்கு மறைந்தால் திரும்பி வருவார் என்று நம்ப முடியாத போர் ஆண்டுகளைக் கடந்து வந்தவள் நான். அதை அவர்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை. போன் எடுப்பேன், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை எடுத்தபோது காற்று என் பக்கம் திரும்பியது. மகளுடைய போன் மணி முன்னறைக்குள் அடிப்பது ஒழுங்கை வரை கேட்டது. நான் எடுத்தது கேட்கவில்லை என்று அவள் ஒருநாள் சொன்னதற்கு ஏசி, சத்தத்தை உச்சத்தில் வைக்கச் செய்தவளும் நானேதான். யானை தடவுவதை நிறுத்தியது. காதுகள் விரிந்தன. ஒரு அடி முன்னே வைத்து யன்னல் சட்டத்தில் நெற்றியைக் கொடுத்தது. மணி ஓய்ந்ததும் அதுவும் தளர்ந்தது. எனக்குப் பதற்றத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. மீண்டும் அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. யன்னல் சட்டம் வெடித்துப் பிளக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் விளங்கியது. என் பிள்ளை இருக்கிற அறைக்குள் அந்த மிருகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது நான்.

அழைப்பைத் துண்டித்தேன்.

"என்ன டீச்சர், எடுக்கலையா? இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க," என்றார் அண்ணர்.

நான் போனை முழுவதும் நிறுத்தி அவருடைய கையில் வைத்தேன். "இதை வைச்சிருங்கோ. நான் கேட்டாலும் தராதேங்கோ."

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மகள் அறைக்குள் எங்கே இருக்கிறாள், நிற்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா, எதுவும் தெரியாது. அண்ணர் போனைப் போட்டுக்கொண்ட சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு, கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றேன்.

தும்பிக்கை உடைந்த யன்னலால் முழுதாக உள்ளே போனது. அது வெளியே வந்தபோது அலுமினியப் பேசின் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. தும்பிக்கை நுனியில் வெள்ளையாக ஒரு கட்டி. மகளுடைய பணிஸ் மா! யானை அதை வாயில் வைக்கப் பார்த்தது. மா தும்பிக்கையை விடவில்லை. உதறியது. மா கயிறு கயிறாக இழுபட்டு முகத்திலும் தந்தத்திலும் ஒட்டியது. மணலில் தேய்த்தது. மாவோடு மணலும் சேர்ந்துகொண்டது. ஒரு பெரிய தும்மல் போட்டுவிட்டு, நெல்லையும் மறந்து, வாய்க்கால் பக்கம் திரும்பி நடந்தது.

அண்ணருக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சாப்பிட்டாச்சு. கை கழுவப் போறாரு."

அது வாய்க்காலைக் கடந்த பிறகு அவர் வெடியைக் கொளுத்தினார். நான் அதற்கு முன்னரே வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

மகள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். முகமெல்லாம் மா. கட்டிப்பிடித்து அழுவாள் என்று கையை விரித்தேன். அவள் ஏசினாள்.

"ஏனம்மா விடாமல் கோல் எடுத்தனீங்கள்? போன் மேசையில, யன்னலுக்கு முன்னால கிடந்தது. என்னால எட்டி நிப்பாட்டவும் ஏலாது. அது அடிக்க அடிக்க யானை உள்ளுக்கு வரப் பாத்தது."

"பிள்ளை, நான்..."

"நீங்கள் நிப்பாட்டின பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. யானை மூட்டையைப் பிடிச்சு இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். அதுதான் பேசினைக் காலால யன்னலடிக்குத் தள்ளிவிட்டனான்."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் குசினியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பாதி மா முதலே உருட்டித் தட்டில வைச்சனான், நல்லாப் பொங்கியிருக்கு. அவணைச் சூடாக்கட்டோ? அப்பா பசியோட வருவார்," என்றாள்.

ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

யன்னலுக்கு இப்போது இரும்புக் கம்பி போட்டாயிற்று. நெல் காய்ந்த அன்றே ஆலைக்குப் போய்விடுகிறது. மா, சுடுதண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே பொங்குகிறது. மகள் முன்னிலும் மெதுமையாகச் சுடுகிறாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆசிரியர் அறையில் யாருடைய போனாவது உரக்க அடித்தால் இன்னும் யன்னலைத்தான் திரும்பிப் பார்க்கிறேன். மகள் வரப் பிந்துகிற நாட்களில் விரல் தானாக அவள் எண்ணுக்குப் போகும். போனைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலைப் பார்த்திருப்பேன். அவளைக் காப்பதாக நினைத்து நான் அனுப்பிய பயம்தான் அன்று அவள் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. என் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் அவளுக்குப் புத்தி இருக்கிறது என்று நம்புவதற்கு நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று வனஜீவராசி உத்தியோகத்தர்கள் வந்தபோது முதல் தட்டுப் பணிஸ் வெளியே வந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் முட்டை பூசாமல், பால் மட்டும் பூசிச் சுட்டிருந்தாள். கால்தடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தேத்தண்ணியோடு உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணர் குடும்பம், அயலட்டைச் சனம் எல்லோரும் பருப்புக்கறியில் பணிஸைத் தோய்த்தபடி யானை தும்மிய கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் போன் அப்போதும் அண்ணரின் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

எல்லோருக்கும் கடைசியாக, தோளில் பையோடு என் கணவர் வந்து வாசலில் நின்றார். உடைந்த யன்னலைப் பார்த்தார். முற்றம் நிறைந்த சனத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்னப்பா நடந்தது? வவுனியாவில பஸ் ஏறினதிலயிருந்து போனைக் கையிலயே வைச்சுக்கொண்டு வாறன். இண்டைக்கு மட்டும் ஏன் ஒரு கோலும் எடுக்கேல்ல?"